தோற்றால் வீடு: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் ஃப்ரோசன் ஃபோர்

2023 ஏப்ரல் 8, சனிக்கிழமை இரவு. ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரம். வெளியே பனை மரமும் கடல் காற்றும். அரங்குக்குள் உறைந்த பனித்தரை. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் தேசிய இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஐந்து முறை பட்டம் வென்ற மினசோட்டா பல்கலைக்கழகம். எதிரே கனெக்டிகட் மாநிலத்தின் ஹேம்டனிலிருந்து வந்த குவினிபியாக். அதுவரை ஒரு பட்டம்கூட வாங்காத கல்லூரி அது. அதன் பயிற்சியாளர் ராண்ட் பெக்னால்ட் 1994இல் இந்த வேலையில் சேர்ந்தபோது அது பகுதிநேர வேலை. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, நள்ளிரவில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

மினசோட்டா 2-0 என்று முன்னே போனது. குவினிபியாக் ஒன்றைத் திருப்பியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பெக்னால்ட் தன் கோலியை வெளியே கூப்பிட்டுவிட்டார். ஆமாம், கோல்கீப்பரைத்தான். கோல் வலை காலி. அவருக்குப் பதில் ஒரு தாக்குதல் ஆட்டக்காரர் கூடுதலாக உள்ளே போனார். 2 நிமிடம் 47 விநாடி மிச்சமிருக்கையில் காலின் கிராஃப் அடித்த கோலில் ஆட்டம் 2-2.

கூடுதல் நேரம் தொடங்கியது. நடுவட்டத்தில் நடுவர் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வில்லையை, கீழே போட்டார். குவினிபியாக் அதைப் பின்னால் இழுத்தது, முன்னால் அனுப்பியது, சாம் லிப்கின் அதை ஜேக்கப் குவிலனிடம் தட்டிவிட்டார், குவிலன் கோலியைத் தாண்டி வலைக்குள் தள்ளினார். கடிகாரத்தில் ஓடியிருந்தது பத்து விநாடி. அவ்வளவுதான், பட்டம் கைமாறிவிட்டது.

ஐஸ் ஹாக்கியே தெரியாதவர்களிடம் இந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நான் இந்தப் பத்து விநாடியிலிருந்துதான் தொடங்குவேன். இதற்குள் எல்லாமே இருக்கிறது: பெரிய கல்லூரி, சின்னக் கல்லூரி, காலி வலை, ஒரே கோலில் முடிந்துபோகும் ஆட்டம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் ஆட்டம். ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் பந்தும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் ஒரு பனித்தரை; சுற்றிலும் பலகைச் சுவர், அதன்மேல் கண்ணாடி. அணிக்கு ஆறு பேர், கோலியையும் சேர்த்து. காலில் கத்திபோன்ற அடித்தகடு வைத்த ஸ்கேட். பந்துக்குப் பதில் பக். கெட்டியான கறுப்பு ரப்பர் வில்லை, மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன். துள்ளாமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறையவைத்துவிடுவார்கள். இருபது நிமிடம் வீதம் மூன்று பீரியட். ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடம் போல முழு வேகத்தில் ஆடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரைத் தாண்டி பெஞ்சுக்குப் போவார்கள். அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இதுதான் முதலில் தலைசுற்றும். இரண்டு ஆட்டம் பார்த்தால் பழகிவிடும்.

விதிகளில் இரண்டு தெரிந்தால் போதும். தரையின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் இருக்கும். எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டை பக் தாண்டுவதற்கு முன் உங்கள் ஆள் தாண்டக்கூடாது, தாண்டினால் ஆஃப்சைடு. அப்புறம் தண்டனை. காலை வாரிவிட்டாலோ ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுத்தாலோ இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அந்த அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அந்த இரண்டு நிமிடம்தான் பவர் பிளே. கிரிக்கெட்டில் கேட்ட சொல்தான், இங்கே பொருள் வேறு. தொழில்முறை லீகில் ஆட்டக்காரர்கள் கையுறையைக் கழற்றிப்போட்டு அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரி ஆட்டத்தில் அது கிடையாது. அடித்தால் ஆட்டத்திலிருந்து வெளியே, அடுத்த ஆட்டத்திலும் இடமில்லை. முகம் முழுக்க மறைக்கும் கம்பி முகமூடியும் கட்டாயம்.

சரி, போட்டிக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. அதன் முதல் நிலையில் ஐஸ் ஹாக்கி ஆடும் கல்லூரிகள் அறுபதுக்குச் சற்று மேல். அவற்றில் பெரும்பாலானவை ஆறு கூட்டமைப்புகளாகப் பிரிந்து அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆடுகின்றன, பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். மார்ச் மாதத்தில் ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்குள் ஒரு போட்டி நடத்தும். அந்த ஆறு போட்டிகளின் சாம்பியன்கள் நேராகத் தேசியப் போட்டிக்குள் வந்துவிடுவார்கள். மீதி பத்து இடம், ஆண்டு முழுக்க ஆடிய ஆட்டத்தின் கணக்கை வைத்து நிரப்பப்படும். ஆக மொத்தம் பதினாறு அணி.

இந்தப் பத்து இடம் நிரப்பும் முறை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து விவாதித்து அணிகளைத் தேர்ந்தெடுக்கும். வெளியே வந்ததும் “எங்களை ஏன் விட்டீர்கள்” என்று ஆண்டுதோறும் சண்டை. ஹாக்கியிலும் குழு உண்டு, ஆனால் பதினாறு பேர் யார் என்பதில் அதன் விருப்பு வெறுப்புக்கு வேலையில்லை. எண் சொல்வதுதான் முடிவு. நீண்ட காலம் பேர்வைஸ் என்ற முறை இருந்தது: எந்த இரண்டு அணியை எடுத்தாலும், ஒன்றோடொன்று ஆடியபோது யார் வென்றார், இருவரும் ஆடிய பொது எதிரிகளிடம் யார் நன்றாக ஆடினார், வலுவான அணிகளோடு யார் மோதினார் என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது. 2025-26 பருவத்திலிருந்து என்பிஐ என்ற குறியீடு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை: யாரை வென்றாய், எங்கே வென்றாய். சொந்த அரங்கில் வெல்வதைவிட அடுத்தவர் ஊரில் போய் வென்றால் மதிப்பு அதிகம். கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், பிப்ரவரி வந்தாலே ரசிகர்கள் “இன்றைக்கு அந்த அணி தோற்றால் நாம் பதினான்காம் இடம்” என்று தாங்களே கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள். மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமையில் அணிகளின் பட்டியலை அறிவிக்கும்போது பாதிப் பேருக்கு அது பழைய செய்தி.

பதினாறு அணியும் நான்கு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்படும். ஊருக்கு நான்கு அணி. கூடியவரை வலுவான அணிக்கு வலுக்குறைந்த எதிரி, அதோடு ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த இருவர் முதல் சுற்றில் மோதாதபடி பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரக் கடைசியில் இரண்டு ஆட்டம் வெல்பவருக்கு அடுத்த கட்டம். தொழில்முறை லீகான என்எச்எல்லில் ஒரு சுற்றை வெல்ல ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்ல வேண்டும். ஓர் இரவு சொதப்பினாலும் மறுநாள் சரிசெய்யலாம். இங்கே அந்த வசதி இல்லை. தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடைசி ஆண்டு மாணவனுக்கு அதோடு கல்லூரி ஹாக்கியே முடிந்துபோகும்.

இந்த நான்கு ஊர் ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. நடுநிலை அரங்கு வேண்டும் என்று, பெரும்பாலும் ஆடும் கல்லூரிகளுக்குச் சம்பந்தமில்லாத ஊர்களில் வைக்கிறார்கள். பட்டியல் வந்து சில நாளிலேயே ஆட்டம். மாணவர்கள் விமானச் சீட்டு வாங்கி எப்படிப் போவார்கள்? உயிரைக் கொடுத்து ஆடும் ஆட்டத்தைப் பாதி காலி நாற்காலிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கல்லூரி அரங்கில் பேண்டு வாத்தியம் அலற, மாணவர் கூட்டம் எழுந்து நின்று கத்துவதுதான் இந்த விளையாட்டின் உயிர். கோல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் எதிரணிக் கோலியை நோக்கி விரலை நீட்டி “சல்லடை, சல்லடை” என்று கத்தும் வழக்கம் பல அரங்குகளில் உண்டு. முதல் சுற்றையாவது தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரியின் சொந்த அரங்கில் வைக்க வேண்டும் என்று பல ஆண்டாகப் பலரும் கேட்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நான்கு ஊர்களிலும் வென்ற நான்கு அணிகள் ஏப்ரல் மாதத்தில் ஒரே ஊரில் கூடும். இந்த இறுதிக் கட்டத்துக்குத்தான் ஃப்ரோசன் ஃபோர் என்று பெயர், அதாவது உறைந்த நால்வர். கூடைப்பந்தின் ஃபைனல் ஃபோர் என்ற பெயரைப் பனிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. 1999இலிருந்து இதுவே அதிகாரப்பூர்வப் பெயர். வியாழக்கிழமை இரண்டு அரையிறுதி, சனிக்கிழமை இறுதி. நடுவிலுள்ள வெள்ளிக்கிழமை, அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு ஹோபி பேக்கர் விருது அறிவிக்கப்படும். பிரின்ஸ்டனில் ஆடி, முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1918இல் விமான விபத்தில் இறந்துபோன ஆட்டக்காரரின் பெயர் அது. ஃப்ரோசன் ஃபோர் நடக்கும் ஊரில் அந்த மூன்று நாளும் ஒரு காட்சி பார்க்கலாம். ஆடுவது நான்கே அணி, ஆனால் தெருவில் நாற்பது கல்லூரிகளின் சட்டை தெரியும். தன் அணி உள்ளே வராவிட்டாலும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கிட்டத்தட்ட திருவிழாதான்.

தொடக்கத்தில் இது ஒரு ஹோட்டலின் ஏற்பாடு. 1948இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் பிராட்மூர் ஹோட்டலுக்குச் சொந்தமான பனி அரங்கில் நான்கே அணிகளோடு முதல் போட்டி நடந்தது. இறுதியில் மிச்சிகன் 8-4 என்று டார்ட்மத்தை வென்றது. முதல் பத்து ஆண்டும் அதே ஹோட்டல், அதே அரங்கு. பயிற்சியாளர் விக் ஹெய்லிகரின் கீழ் மிச்சிகன் 1956க்குள் ஆறு பட்டம் அள்ளிக்கொண்டு போனது. பிறகு அணிகளின் எண்ணிக்கை மெல்லக் கூடியது: 1981இல் எட்டு, 1988இல் பன்னிரண்டு, 2003இல் பதினாறு. 2010இல் டெட்ராய்ட்டின் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துக்குள் பனித்தரை போட்டு இறுதியை நடத்தினார்கள். போஸ்டன் காலேஜ் விஸ்கான்சினை 5-0 என்று வென்றதைப் பார்த்தவர்கள் 37,592 பேர். கொரோனாவால் 2020இல் மட்டும் போட்டி நடக்கவில்லை.

மிச்சிகனின் ஒன்பது பட்டச் சாதனையை 2024இல் டென்வர் பல்கலைக்கழகம் தன் பத்தாவது பட்டத்தால் தாண்டியது. ஆனால் பட்டியலைக் கீழே வரை படித்தால்தான் இந்தப் போட்டியின் அழகு தெரியும். லேக் சுப்பீரியர் ஸ்டேட் என்றொரு கல்லூரி. கனடா எல்லையை ஒட்டிய சூ செயிண்ட் மரி என்ற சின்ன ஊர். அதற்கு மூன்று தேசியப் பட்டங்கள்: 1988, 1992, 1994. யூனியன் கல்லூரியில் மொத்த மாணவர்களே இரண்டாயிரத்துச் சொச்சம். விளையாட்டுக்கென்று உதவித்தொகைகூடத் தராமல் 2014 இறுதியில் மினசோட்டாவை 7-4 என்று வீழ்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டு யேல். 2025இல் கலமசூ நகரின் வெஸ்டர்ன் மிச்சிகன், அரையிறுதியில் டென்வரை இரண்டாவது கூடுதல் நேரத்தில் சாய்த்து, இறுதியில் போஸ்டன் யுனிவர்சிட்டியை 6-2 என்று வென்று முதல் பட்டத்தைத் தூக்கியது.

சின்னக் கல்லூரிக்கு இது எப்படி முடிகிறது? அமெரிக்கன் ஃபுட்பாலில் இப்படி ஒரு பட்டியலை நீங்கள் பார்க்கவே முடியாது.

ஒரு காரணம் கோலி. ஓர் ஆட்டத்தில் விழுவதே ஐந்தாறு கோல். ஒரு கோலிக்கு ஓர் இரவு கை வந்துவிட்டால் எதிரணியின் திறமை அத்தனையும் அவருடைய கையுறைக்குள் அடங்கிவிடும். இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படாதது: வயது. இங்கே பள்ளி முடிந்த உடனே எல்லோரும் கல்லூரி அணிக்கு வருவதில்லை. பலர் இரண்டு மூன்று ஆண்டு ஜூனியர் லீகில் ஆடிவிட்டு, இருபது, இருபத்தொரு வயதில்தான் முதலாண்டு மாணவராகச் சேர்கிறார்கள். பெரிய கல்லூரிகளுக்குப் பதினெட்டு வயது நட்சத்திரங்கள் கிடைப்பார்கள். என்எச்எல் அணிகள் அவர்களை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். ஓராண்டு, இரண்டாண்டில் பறந்துவிடுவார்கள். சின்னக் கல்லூரியிலோ அதே பையன்கள் நான்கு ஆண்டு சேர்ந்து ஆடி, இருபத்து நான்கு வயதில் தோள் அகன்று, ஒருவர் மூச்சு விடுவது இன்னொருவருக்குத் தெரிகிற அளவுக்குப் பழகியிருப்பார்கள். ஒற்றை ஆட்டத்தில் இந்தப் பழக்கம் நட்சத்திரத்தை மடக்கும்.

2024 இறுதியைப் பாருங்கள். டென்வர் சின்ன அணி இல்லைதான். ஆனால் எதிரே நின்ற போஸ்டன் காலேஜில் வில் ஸ்மித், ரயன் லெனர்ட், கேப் பெரோ என்று மூன்று முதலாண்டு மாணவர்கள். மூவருமே முந்தைய கோடையில் என்எச்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். நாட்டிலேயே முதல் தரவரிசை அணி. டென்வரின் கோலி மேட் டேவிஸ் 35 ஷாட்டைத் தடுத்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. 2-0.

இந்தச் சமநிலை இனியும் இருக்குமா என்ற கவலை எனக்கு உண்டு. கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாகக் கருதி, கல்லூரிப் பக்கம் வரவே விடாமல் வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை நீங்கிவிட்டது. கேவின் மெக்கென்னா போன்ற பெரிய பெயர்கள் பென் ஸ்டேட் மாதிரிப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டத்தின் தரம் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூ செயிண்ட் மரி போன்ற ஊர்களுக்கு இனி எத்தனை நல்ல பையன்கள் மிச்சம் வருவார்கள்?

கூடுதல் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சாதாரணப் பருவத்தில் சமன் ஆனால் ஐந்து நிமிடம், அணிக்கு மூன்று ஆட்டக்காரர்களும் கோலியும் என்று ஆடி முடித்துவிடுவார்கள். தேசியப் போட்டியில் அந்தக் குறுக்குவழி இல்லை. முழு அணியோடு, இருபது இருபது நிமிடமாக, யாராவது ஒரு கோல் போடும்வரை ஆட வேண்டும். பெனால்டி ஷூட்அவுட் கிடையாது.

2021 மார்ச் 27, நார்த் டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ. நார்த் டகோட்டா பல்கலைக்கழகமும் மினசோட்டா டுலூத் என்ற இன்னொரு பல்கலைக்கழகமும் மோதின. டுலூத் 2-0 என்று வென்றுவிடும் போல இருந்தது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நார்த் டகோட்டா கோலியை வெளியே எடுத்துவிட்டு இரண்டு கோல் போட்டது. கூடுதல் நேரத்தில் அதே அணி இன்னொரு கோலும் போட்டுக் கொண்டாடவே தொடங்கிவிட்டது. வீடியோவைப் பார்த்த நடுவர்கள் ஆஃப்சைடு என்று அதை ரத்து செய்தார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியது. இரண்டாவது கூடுதல் நேரம், மூன்றாவது, நான்காவது. டுலூத் கோலி ஸாக் ஸ்டெஸ்கல் 57 ஷாட்டைத் தடுத்திருந்தார். அதற்கு மேல் கால் தசை பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வெளியே போனார். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரயன் ஃபான்டி உள்ளே வந்தார். ஐந்தாவது கூடுதல் நேரத்தில் லூக் மைலிமாக் என்ற முதலாண்டு மாணவர் ஓரமாக ஓடிவந்து அடித்த பக் வலைக்குள் போனது. 142 நிமிடம் 13 விநாடி. நள்ளிரவு தாண்டி மறுநாள் ஆகியிருந்தது. இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் அதுதான்.

இன்னொன்று, 2006. முதல் சுற்றில் மினசோட்டாவை எதிர்த்து ஹோலி கிராஸ் என்ற சிறு கல்லூரி. ஆட்டம் நடந்த இடம் கிராண்ட் ஃபோர்க்ஸ், மினசோட்டாவின் பரம எதிரியான நார்த் டகோட்டாவின் சொந்த அரங்கு. உள்ளூர் ரசிகர்கள் முன்பின் பார்த்திராத ஹோலி கிராஸுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். கூடுதல் நேரத்தில் 4-3 என்று ஹோலி கிராஸ் வென்றது. மறுநாள் அதே ஹோலி கிராஸ் அதே கூட்டத்தின் முன் நார்த் டகோட்டாவிடம் தோற்று ஊர் திரும்பியது.

கல்லூரி ஹாக்கியில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனை அமெரிக்கா 4-3 என்று வென்ற ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த இருபது பேரில் ஒன்பது பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள், நான்கு பேர் போஸ்டன் யுனிவர்சிட்டியில் ஆடியவர்கள். பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், அதற்கு முன்பு மினசோட்டாவுக்கு 1974, 1976, 1979 என்று மூன்று கல்லூரிப் பட்டம் வாங்கித் தந்தவர். உலகத்தின் வலுவான அணியைச் சாய்த்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கல்லூரிப் பையன்கள்தான்.

முதன்முதலாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். மார்ச் கடைசியின் முதல் சுற்றிலிருந்தே தொடங்குங்கள். பக்கைக் கண்ணால் துரத்தாதீர்கள், முடியாது. ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள், பக் இருக்கும் இடம் தானே தெரியும். மூன்றாம் பீரியடில் நான்கு நிமிடம் மிச்சம், ஓர் அணி ஒரு கோல் பின்னால் என்றால், அந்த அணியின் கோலியை மட்டும் கவனியுங்கள். பக் எதிரணிப் பக்கம் போனதும் அவர் தலை பெஞ்சை நோக்கித் திரும்பும். பயிற்சியாளர் கை அசைந்த உடனே வலையை விட்டுவிட்டு, அத்தனை கனமான காப்புகளோடு, முழு வேகத்தில் பெஞ்சுக்கு ஓடிவருவார்.